அகலமான பின்துணி: சேலையா, சாடாரா, 108 அங்குலமா?

குயில்ட்டின் மேல்பக்கம் தைத்தாகிவிட்டது. குயில்ட் என்றால் துண்டுத்துணி மேல்பக்கம், நடுவில் பஞ்சு, அடியில் பின்துணி என மூன்று அடுக்காகத் தைத்த போர்வை. சதுரமும் முக்கோணமுமாக முந்நூறு துண்டுகளைப் பொருத்தி, மூலைக்கு மூலை சரியாக உட்கார வைக்கவே நான்கு மாதம் ஓடியிருக்கும். அப்புறம் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, “பின்னாடி போட அகலமா துணி கிடைக்கலக்கா, அதான் அப்படியே இருக்கு” என்பார்கள். செந்தூலில் எங்கள் வீட்டு ஹாலில் ஞாயிறு மதியம் ஆறேழு பேர் கூடிக் குயில்ட் தைக்கிறோம். அதில் மூன்று பேருடைய மேல்பக்கம் இந்த நிமிடம் இப்படித்தான் காத்துக் கிடக்கிறது.

அவர்கள் கேட்பது இதுதான்: பெரிய பூ, அழுத்தமான நிறம், மயில் நீலமோ மிளகாய்ச் சிவப்போ மஞ்சளோ, அதுவும் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துணியாக. கோலாலம்பூர்க் கடைகளில் இவை இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. பெரிய பூ இருக்கும் துணியில் அகலம் இருக்காது. அகலம் இருக்கும் துணி வெளிர் கிரீமாகவோ சாம்பலாகவோ இருக்கும். அதனால் எதை விட்டுக்கொடுப்பது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் எல்லா வகையையும் ஒரு முறையாவது போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

அளவு. கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள். வீட்டு மிஷினில் தைத்தால் பின்துணி மேல்பக்கத்தைவிட நான்கு பக்கமும் 2 முதல் 3 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று அடுக்கையும் சேர்த்துக் குயில்ட் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் இயந்திரத்துக்குக் கொடுத்தால் 4 அங்குலம் கேட்பார்கள், ஏனென்றால் துணியை உருளையில் மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

நம் ஊர்க் கட்டில் அளவிலேயே இரண்டு கணக்கு போடுவோம். சிங்கிள் கட்டில் 36க்கு 75 அங்குலம். இரு பக்கமும் தொங்கவிட்டால் குயில்ட் 60க்கு 84 வரும். பின்துணி 66க்கு 90 வேண்டும். குவீன் கட்டில் 60க்கு 75. குயில்ட் 84க்கு 90. பின்துணி 92க்கு 98. இந்த இரண்டு அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

உடம்பில் படுவது பின்துணிதான். மேல்பக்கத்தைக் கண் பார்க்கிறது, பின்பக்கத்தைத் தோல் பார்க்கிறது. இரவில்கூட வெக்கை குறையாத ஊரில் பாலியெஸ்டர் பின்துணி போட்டால் விடிவதற்குள் காலால் உதைத்துத் தள்ளிவிடுவீர்கள். எனக்கு இது முதல் நிபந்தனை. முழுப் பருத்தி இல்லாத எதையும் நான் கட்டிலுக்குப் போடுவதில்லை.

லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, வீட்டில் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்த மணி கையில் தட்டுப்படும்.

நிழல். அழுத்தமான துணி தேடுபவர்கள் கடைசியில்தான் இதை யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வெள்ளையும் இளமஞ்சளுமாக ஒரு மேல்பக்கம் தைத்து, மெல்லிய பஞ்சு வைத்து, பின்னால் அரக்கு நிறத்தில் பெரிய பெரிய பூப்போட்ட துணியைப் போட்டேன். இரவு விளக்கில் நன்றாக இருந்தது. காலையில் ஜன்னலோரம் விரித்தபோது வெள்ளைச் சதுரங்களுக்குள் பூவெல்லாம் மங்கலாகத் தெரிந்தது, மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஊறியது போல. அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மேல்பக்கத்தில் வெளிர் நிறம் அதிகம் என்றால், பின்துணி, பஞ்சு, மேல்பக்கம் மூன்றையும் அடுக்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு சாண் துண்டு இருந்தாலே போதும்.

சாயம், சுருக்கம். சாயத்தைப் பாத்தேக் பகுதியில் சொல்கிறேன். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 98 அங்குலத்தில் அது 5 அங்குலம் வரை போய்விடும். அளவு சரியாக இருக்கிறது என்று வாங்கிவந்து துவைத்தபின் பார்த்தால் அளவு எட்டாது.

இணைப்பு. இது எல்லோரும் பயப்படும் விஷயம். எனக்கு இதில் பயமே இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## 108 அங்குல குயில்ட் துணி

குயில்ட்டுக்கென்றே அச்சடிக்கிற அகலத் துணி இது. 108 அங்குலம், அதாவது 274 சென்டிமீட்டர். பெரிய பூ, பெரிய வட்டம், இலை, கோடு என்று அழுத்தமான அச்சுகள் இதில்தான் அதிகம். இங்கே ஒன்றிரண்டு குயில்ட் கடைகளில் ஏதாவது இருக்கும். வகை வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வரவழைக்க வேண்டும்.

விலையைக் கேட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். குவீன் அளவுக்கு 44 அங்குலத் துணி வாங்கினால் மூன்று அகலம் சேர்க்க வேண்டும், 7 மீட்டர் ஆகும். 108 அங்குலத்தில் இரண்டரை மீட்டர் போதும், சுருக்கத்துக்கும் சேர்த்துத்தான். சும்மா ஒரு கணக்குக்கு, 44 துணி மீட்டர் 18 வெள்ளி (ரிங்கிட்), 108 துணி மீட்டர் 48 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 126 வெள்ளி, இரண்டாவது 120 வெள்ளி. அகலத் துணியின் மீட்டர் விலை சாதாரணத் துணியைப் போல இரண்டரை மடங்குக்குள் இருந்தால் நீங்கள் கூடுதலாக எதுவும் கொடுக்கவில்லை.

சரி, வரவழைத்தால்? குயில்ட் பருத்தி சதுர மீட்டருக்கு 140, 150 கிராம் எடை. 108 அகலத்தில் இரண்டரை மீட்டர் எடுத்தால் ஒரு கிலோவை நெருங்கும், அதற்குத் தபால் கட்டணம். 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளி வரையான பொருட்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அந்தத் தபால் செலவில் இங்கேயே ஒரு துணி எடுத்துவிடலாம்.

வாங்கும்போது அலகைக் கவனியுங்கள். அமெரிக்கக் கடைகள் கெஜத்தில் விற்கும். ஒரு கெஜம் 91 சென்டிமீட்டர்தான். சில கடைகளில் ‘எண்ணிக்கை 1’ என்பது அரைக் கெஜம். எங்கள் குழுவில் ஒருவர் 3 என்று போட்டு ஒன்றரைக் கெஜத்தைப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துணி கைக்கு வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. அகலத் துணியை இரண்டாக, சில சமயம் நான்காக மடித்துச் சுற்றியிருப்பார்கள். அப்படிச் சுற்றும்போது துணி சற்று முறுக்கிக்கொள்ளும். மடிப்பை நம்பிக் கத்தரிக்கோல் வைத்தால் விரித்த பிறகு ஒரு பக்கம் நான்கு விரல் கீழே இறங்கியிருக்கும். ஓரத்தில் சின்னதாக வெட்டுக் கொடுத்து, கையால் குறுக்கே கிழியுங்கள். ஊடை இழை வழியே நேராகக் கிழியும். கிழித்தபின்தான் உண்மையில் எவ்வளவு துணி இருக்கிறது என்று தெரியும். 15, 20 சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

லாங்ஆர்ம் இயந்திரத்துக்குக் கொடுக்கப்போகிறீர்கள், குயில்ட் குவீனோ கிங்கோ, கல்யாணப் பரிசாகப் போகிறது என்றால் இதுவே முதல் தேர்வு. சிங்கிள் அளவுக்கும் கணக்கு உதைக்காதுதான், ஆனால் வரவழைத்து, வரி கட்டி, மூன்று வாரம் காத்திருக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

## சாடார் துணி, கட்டில் விரிப்பு, உறை

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், பெரியவர்களுக்கு அது இன்னும் பத்து ரோடுதான், கட்டில் விரிப்புக்கான சாடார் துணியை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். “பிடாங் எவ்வளவு?” என்று கேளுங்கள், அகலத்தைச் சொல்வார்கள். 90 அங்குலத்தை ஒட்டி இருக்கும் துணி கிடைத்தால் சிங்கிள் குயில்ட்டுக்கு இணைப்பே வேண்டாம். குவீனுக்கு ஒரு சாணுக்கும் குறைவான பட்டி சேர்த்தால் போதும்.

பூவும் நிறமும் தாராளமாக உண்டு. சிக்கல் நூலில். சாடார் துணியில் பெரும்பகுதி பாலியெஸ்டர் கலந்தது. வழவழவென்று, விலை குறைந்து, சுருக்கம் விழாமல் இருக்கும் துணியைக் கண்டால் சந்தேகப்படுங்கள். இழையைக் கொளுத்திப் பார்க்கிற வேலை இங்கேதான் அதிகம் தேவைப்படும். கால் மீட்டர் மட்டும் முதலில் வாங்கி வந்து சோதித்துவிட்டு, மறுவாரம் போய் மீதியை வாங்கியிருக்கிறேன்.

தயார் விரிப்பு வாங்கலாம் என்பவர்களுக்கு ஒரு யோசனை. இங்கே விற்கும் விரிப்பு பெரும்பாலும் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்தது, மூலை வெட்டுப்பட்டிருப்பதால் பின்துணிக்கு அளவு வராது. அதைவிடப் போர்வை உறை வாங்குங்கள். நூறு விழுக்காடு பருத்தி உறை ஒன்றைப் பிரித்தால் இரண்டு பெரிய துணி கிடைக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் கோடுமாக இருக்கும். ஒன்று இந்தக் குயில்ட்டுக்கு, இன்னொன்று அடுத்ததுக்கு. லேபிளில் சென்டிமீட்டரில் அளவு போட்டிருப்பார்கள்; தையல் பிரித்தபின் கிடைக்கப்போவது அதுதான்.

இதில் மறைந்திருக்கும் செலவு உங்கள் விரலில் விழும். இழை எண்ணிக்கை (சதுர அங்குலத்துக்கு எத்தனை நூல்) அதிகம் என்று பெருமையாகப் போட்டிருக்கும் விரிப்பு, 400க்கு மேல் போனால், நெசவு இறுகியிருக்கும். கையால் குயில்ட் செய்பவர்களுக்கு ஊசி இறங்கவே இறங்காது. மிஷினிலும் தையல் தாண்டிக் குதிக்கும், துளை மூடாமல் புள்ளிபுள்ளியாகத் தெரியும். 200ஐ ஒட்டிய சாதாரண நெசவுதான் நமக்கு நல்லது. கூர்முனையுள்ள மைக்ரோடெக்ஸ் ஊசியைப் போட்டால் மிஷின் ஓரளவு ஒத்துழைக்கும்.

## காட்டன் சேலை

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அலமாரியைத் திறந்தால் நம் கண் முன்னால் இருக்கும் துணி இது. தோட்டத்தில் எங்கள் பாட்டி பழைய நூல் சேலைகளை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டு, பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் விரிப்பு செய்தார். அதுவும் குயில்ட்தான். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சேலை ஐந்தரை மீட்டர் நீளம், 44 முதல் 46 அங்குல அகலம். நடுவில் வெட்டினால் 108 அங்குல நீளத்தில் இரண்டு பாதி. பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்தால் 87, 88 அங்குலம். சிங்கிள் அளவுக்கு வேண்டியது 66க்கு 90. முந்தானையைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக்கூட வேலையை முடிக்கலாம்.

குவீனுக்கு 92 வேண்டும். நான்கைந்து அங்குலம் குறைகிறது, சுருக்கத்தையும் சேர்த்தால் ஏழெட்டு அங்குலம். அங்கேதான் அழகே இருக்கிறது. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பட்டி வையுங்கள். நீளத்தில் 10 அங்குலம் மிச்சம் இருக்கிறது. அதில் முந்தானைத் துண்டையும், மேல்பக்கத்தில் மீந்த சதுரங்களையும் வரிசையாகச் சேர்த்துப் பத்து அங்குலப் பட்டியாக்கினால், பின்பக்கமும் பார்க்கும்படி ஆகிவிடும். நான் கடைசியாகத் தைத்த குவீன் குயில்ட்டில் கத்தரிப்பூ நிறச் சுங்குடியை இப்படி வெட்டினேன். கரைகள் இரண்டும் பட்டியின் இரு பக்கமும் வந்து நின்றன. முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய அந்த வெள்ளைப் புள்ளிகள் எந்த இரண்டும் ஒன்று போல இருக்காது. என் குயில்ட் தையலில் கோணல்மாணலாகப் போன இடமெல்லாம் அதற்குள் மறைந்துவிட்டது.

எந்தச் சேலை? மதுரைச் சுங்குடி, கட்டம் போட்ட கண்டாங்கி, கோடு போட்ட சாதாரண நூல் சேலை எல்லாம் ஆகும். ஜரிகை இருந்தால் வேண்டாம். ஊசி மாட்டும், தோலில் உறுத்தும், இஸ்திரியில் கருகும். மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸ் பக்கமும் தொங்கும் ‘காட்டன்’ சேலைகளில் கலப்பும் உண்டு, இழையைப் பார்த்து வாங்குங்கள். “அண்ணே, கட்டுறதுக்கு இல்ல, போர்வைக்குப் பின்னாடி தைக்கிறதுக்கு” என்று சொல்லிவிட்டால் ஜரிகை இல்லாததாகத் தேடி எடுத்துத் தருகிறார்கள்.

புதுச் சேலையில் கஞ்சி நிறைய இருக்கும். ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்காமல் அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை. அப்புறம் கையில் எடுத்தால்தான் துணியின் உண்மையான மென்மை தெரியும். விரல் தெரியும் அளவுக்கு மெல்லியது என்றால் அதை விட்டுவிடுங்கள், பஞ்சு இழை வழியாக வெளியே எட்டிப்பார்க்கும்.

பழைய சேலை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்திலும் கொசுவம் செருகும் இடத்திலும் நூல் நைந்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் மீதி வலுவாக இருக்கும். அம்மாவின் சேலையில் போடுவதென்றால் கட்டிலில் தினமும் போர்த்தும் குயில்ட்டுக்கு வேண்டாம். வாரம் ஒரு முறை மிஷினில் சுழல்வதை நைந்த நூல் தாங்காது.

## பாத்தேக், பெலிக்காட்

நம் ஊரில் அழுத்தமான அச்சு என்றால் பாத்தேக்கைத் தாண்டி என்ன இருக்கிறது? கிளந்தான், திரெங்கானு கைலிகளின் சிவப்பையும் கருநீலத்தையும் 108 அங்குலத் துணி எதிலும் நான் பார்த்ததில்லை. கைலி ஒன்று சுமார் 2 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட அகலம். இரண்டைச் சேர்த்தால் சிங்கிளுக்குக் கிட்டத்தட்ட வரும். 2 மீட்டர் என்பது 78, 79 அங்குலம்தான் என்பதால் நீளத்தில் ஒரு பட்டி சேர்க்க வேண்டியிருக்கும். கைலியில் ‘கெப்பாலா’ என்று தனிப் பூவேலையுள்ள பகுதி ஒன்று இருக்குமல்லவா, இரண்டு கைலியின் கெப்பாலாவையும் ஒரே நேர்கோட்டில் வைத்துத் தைத்தால் படுக்கைக்குக் குறுக்கே ஒரு பூப்பாதை போகும்.

ஆனால் சாயம். எவ்வளவு சொன்னாலும் போதாது. சிவப்புப் பாத்தேக்கைத் துவைக்காமல் தைத்துவிட்டு, முதல் சலவையில் என் வெள்ளைச் சதுரங்கள் ரோஜா நிறமாக மாறியதைப் பார்த்து அன்று நான் அழுதே விட்டேன். துணியை முதலில் தனியாக வெந்நீரில் நனைத்து, மேலே பழைய வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்துங்கள். நிறம் ஏறினால் மறுபடி அலசுங்கள். நான்கு தடவைக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துணியை வெளிர் நிறக் குயில்ட்டுக்குப் போடாதீர்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், இப்போதைய சாயங்களுக்கு அது வேலை செய்யாது. அதிகப்படிச் சாயம் வெளியே போகும்வரை அலசுவதுதான் வழி.

பெலிக்காட் கைலியும் இருக்கிறது. அந்தப் பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து வந்ததுதான். கட்டம் நேராக இருப்பதால் வெட்டுவதும் தைப்பதும் சுலபம், கோட்டைப் பார்த்தே போகலாம். பையன்களுக்குத் தைக்கும் சின்னப் போர்வைக்கு ஒரு கைலி போதும், இணைப்பே இல்லை. இதிலும் கலப்பு நூல் உண்டு.

## சாதாரணத் துணியை இணைப்பது

மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்குக்கு வாங்கும் பூப்போட்ட காட்டன் துணியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு ரோஜா, பச்சை இலை, கருப்புத் தரை. அழுத்தமான துணி வேண்டும் என்று மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் அந்த அடுக்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதில் 60 அங்குல அகலம் வருவதும் உண்டு. ஓரம் போக 57 என்று வைத்தால், குவீனுக்கு இரண்டு அகலம், ஒரே ஒரு இணைப்பு, 4.7 மீட்டர். சிங்கிளுக்கு 3.4 மீட்டர். குவீனுக்கு என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் தேடச் சொல்வேன்.

44 அகலம் மட்டுமே கிடைத்தால், இணைப்பு நெட்டுக்குப் போக வேண்டுமா குறுக்கே போக வேண்டுமா என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஓரம் போக 42 அங்குலம் வரும். சிங்கிளுக்கு நெட்டுக்குத் தைத்தால் இரண்டு அகலம், 4.6 மீட்டர். குறுக்கே தைத்தால் மூன்று அகலம், 5 மீட்டர். குவீனுக்கு நேர்மாறு, குறுக்கே 7 மீட்டர், நெட்டுக்கு ஏழரை. அரை மீட்டர் துணி என்றாலும் காசுதானே. பூ பெரிதாக இருந்து, இணைப்பில் பூவோடு பூ பொருந்த வேண்டும் என்று நினைத்தால், சேர்க்கும் ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு முழுப் பூ அளவு நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நெருக்கமான, திசையில்லாத அச்சு என்றால் பொருத்தவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். இணைப்பு உறுத்தும், பிரியும், அசிங்கமாகத் தெரியும் என்கிறார்கள். அப்படி ஆவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், துணியின் ஓரக்கரையை வெட்டாமல் அப்படியே சேர்த்துத் தைப்பது. கரையில் நெசவு இறுக்கம். துவைத்தால் மற்ற இடத்தைப் போலச் சுருங்காமல் இழுத்துப் பிடித்து இணைப்பைக் கோணலாக்கும். முதலில் கரையை வெட்டி எறியுங்கள். அரை அங்குலம் விட்டு, தையலைக் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டு, இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டாது. கூடுமானால் இணைப்பைச் சரியாக நடுவில் வைக்காதீர்கள். போர்வையை நாம் மடிப்பது நடுவில்தான், தேய்வதும் அங்கேதான். லாங்ஆர்முக்குப் போனால் குறுக்கு இணைப்புதான் வசதி. நெட்டுக்குப் போகும் இணைப்பு உருளையில் சுற்றச் சுற்ற ஒரே இடத்தில் தடித்துக்கொண்டே போகும்.

## மற்றவை

திரைச்சீலைத் துணி 280 சென்டிமீட்டர் அகலத்தில் எங்கும் கிடைக்கும், நிறமும் பிரமாதம். பெரும்பாலும் பாலியெஸ்டர். சுவரில் தொங்கவிடும் குயில்ட்டுக்குப் போடலாம். பட்டுப்போல் மயிர் நிற்கும் மிங்கி துணி குழந்தைக்கு நல்லது என்று கடைகளில் சொல்வார்கள். ஏர்கோன் அறையிலேயே இருக்கும் குழந்தை என்றால் சரி. ஐக்கியாவில் மீட்டர் துணி பெரும்பாலும் 150 சென்டிமீட்டர், அச்சுகள் துணிச்சலானவை, ஆனால் பலவும் கனமான துணி. பிக்னிக்குக்கு விரிக்கும் குயில்ட்டுக்கு அது எனக்குப் பிடிக்கும், போர்த்திக்கொள்ள வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| துணி | குவீனுக்கு இணைப்பு | நம் வெக்கைக்கு | கண்ணில் படாத செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| 108 அங்குல குயில்ட் துணி | இல்லை | நல்லது | தபால், 10 விழுக்காடு வரி, காத்திருப்பு, கோணல் துணி | பெரிய குயில்ட், லாங்ஆர்ம், பரிசு |
| சாடார் துணி, போர்வை உறை | இல்லை, அல்லது ஒரு பட்டி | முழுப் பருத்தி என்றால் மட்டும் | கலப்பு நூல், ஊசி இறங்காத நெசவு | அவசரம், கைக்காசு குறைவு, மிஷின் தையல் |
| காட்டன் சேலை | இரண்டு, நடுவில் பட்டியோடு | மிக நல்லது | கஞ்சி அலசும் நேரம், நைந்த இடம் | சிங்கிள் குயில்ட், கைத்தையல், குடும்ப நினைவு |
| பாத்தேக், பெலிக்காட் | மூன்று நான்கு | நல்லது | சாயம் | அடர்நிற மேல்பக்கம், சின்னப் போர்வை |
| 60 அங்குலக் காட்டன் | ஒன்று | நல்லது | தேடும் அலைச்சல் | தினமும் போர்த்தும் குயில்ட் |
| 44 அங்குலக் காட்டன் | இரண்டு | நல்லது | கூடுதல் மீட்டர், பூப் பொருத்தம் | மனதுக்குப் பிடித்த அச்சு அதில்தான் இருக்கிறது என்றால் |

## அந்த மூன்று பேருக்கு

எங்கள் ஹாலில் காத்திருக்கும் மூன்று மேல்பக்கங்களுக்கு நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

முதலாமவர் மகள் கல்யாணத்துக்குக் கிங் அளவில் தைத்திருக்கிறார், லாங்ஆர்முக்குக் கொடுக்கப்போகிறார், கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது. அவர் 108 அங்குலத் துணியை வரவழைக்கட்டும். இன்றைக்கே ஆர்டர் போட்டால் நேரம் தாராளமாக இருக்கிறது.

இரண்டாமவருடையது பையனுக்கு, சிங்கிள், எல்லாம் நீலமும் சாம்பலும். மிஷின் புதிது, கை இன்னும் பழகவில்லை. அவருக்குச் சுங்குடிச் சேலை, கருநீலத்தில். மேல்பக்கம் அடர்நிறம் என்பதால் நிழல் பயமில்லை, புள்ளிகளுக்குள் தையல் தப்பெல்லாம் ஒளிந்துவிடும்.

மூன்றாமவர்தான் கஷ்டம். குவீன், பாதிக்கு மேல் வெள்ளை, பின்னால் கருஞ்சிவப்புப் பூ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் சொன்னது, வெள்ளைத் தரையில் பெரிய சிவப்புப் பூ தேடுங்கள், தரை வெளுப்பாக இருந்தால் நிழல் பாதி குறையும். பஞ்சையும் ஒரு சுற்றுத் தடிமனாக வையுங்கள். சாயத்தையும் கைக்குட்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். வரும் சனிக்கிழமை காலை மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி இரண்டு பேருமாக நடக்கப் போகிறோம். கூட்டம் சேர்வதற்குள், பத்து மணிக்கே போய்விட்டால் கடைப் பையன்கள் துணிக்கட்டை முழுக்க விரித்துக் காட்டப் பொறுமையாக இருப்பார்கள். மேல்பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்துப் பையில் போட்டு, கூடவே ஒரு சாண் பஞ்சையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கடை வாசல் வெளிச்சத்தில் மூன்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டச் சொல்லப் போகிறோம்.